சின்ன ரயில் கம்பெனிகளில் ஆளைக் குறைக்காதீர்கள்

அமெரிக்க ரயில் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது மைல் கணக்கில் நீண்டுகொண்டே வரும் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் சரக்கு வண்டிகள்தான். ஆனால் அந்த வண்டிகளில் போகிற சோளமும் உரமும் மரமும் பல நேரம் கிளம்புவது ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து, முப்பது நாற்பது மைல் பாதை மட்டுமே வைத்திருக்கும் ஒரு குட்டிக் கம்பெனியின் தண்டவாளத்தில். ஷார்ட் லைன் என்பார்கள். சுமார் 600 கம்பெனிகள் இருக்கின்றன, நாட்டின் சரக்கு ரயில் பாதையில் ஏறக்குறைய 30 சதவீதம் இவர்கள் கையில்.

1970-ல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது, அடுத்தடுத்து வேறு சில பெரிய கம்பெனிகளும் விழுந்தன. 1980-ல் ரயில் கம்பெனிகள் மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு லாபம் தராத கிளைப் பாதைகளைக் கைகழுவுவது சுலபமாகிவிட்டது. பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய பாதைகளை உள்ளூர் ஆட்களும், சில இடங்களில் மாநில அரசே கூட, வாங்கிக் காப்பாற்றினார்கள்.

சரி, பெரிய கம்பெனிக்கு நஷ்டமான அதே பாதை இவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? ஆட்களால்தான். காலையில் என்ஜின் ஓட்டியவர் மதியம் உளுத்துப்போன ஸ்லீப்பர் கட்டையை மாற்றப் போவார், ஆள் வராத நாளில் மேனேஜரே பச்சைப் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷன்டிங்குக்கு (பெட்டிகளைத் தடம் மாற்றிச் சேர்ப்பது, பிரிப்பது) இறங்குவார். தானியக் கிடங்கில் ஷன்டிங் நடப்பதை நின்று பார்க்க வேண்டும். கண்டக்டர் (நம் ஊர் கார்டு மாதிரி) இறங்கி, பூட்டைத் திறந்து, தடம் மாற்றும் பாயிண்ட் லீவரைத் தள்ளுவார், தண்டவாள நாக்கு ஒட்டி உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்த பிறகுதான் ரேடியோவில் "வா" என்பார். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் மாட்டியதும் பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸை இணைப்பார், காற்று சீறும், அப்புறம் ஒவ்வொரு பெட்டியாக ஏறி கை பிரேக் சக்கரத்தைத் திருகித் தளர்த்துவார். பனியிலும் இதே வேலைதான்.

இவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பு ஒரு பெட்டி சரக்கோடு சேர்த்து 2,63,000 பவுண்டு எடைதான், இப்போது பெரிய கம்பெனிகள் 2,86,000 பவுண்டுப் பெட்டிகளை அனுப்புகின்றன. பல பழைய பாலங்களும் மெலிந்த தண்டவாளங்களும் அந்தக் கனத்துக்குப் போட்டவை அல்ல. பாதைப் பராமரிப்புக்கென்று 2004-ல் கொண்டுவந்த வரிச்சலுகையை 2020-ல் நிரந்தரமாக்கினார்கள், நல்ல காரியம்.

ஆனால் ஒருவரே பத்து வேலை பார்ப்பது வேறு, இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டுவது வேறு. கனடாவின் லாக்-மெகாண்டிக் என்ற சிற்றூரில் நடந்த விபத்தை மறக்கவே கூடாது. 2013 ஜூலையில் எம்எம்ஏ என்ற சிறு கம்பெனியின் 72 டேங்கர் கச்சா எண்ணெய் வண்டியை ஒரே ஒரு டிரைவர் ஊருக்கு மேலே சரிவில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். போட்டது 7 கை பிரேக், வேண்டியிருந்ததோ குறைந்தது 17. சரியாக ரிப்பேர் செய்யாத முன் என்ஜினில் தீப்பிடித்தது, தீயணைப்புக்காரர்கள் அதை அணைத்துவிட்டு என்ஜினையும் நிறுத்தினார்கள், காற்று மெல்லக் கசிந்து ஏர் பிரேக் விட்டுப்போனது. வண்டி தானாக உருண்டு 65 மைல் வேகத்தில் ஊருக்குள் பாய்ந்தது. 47 பேர் செத்தார்கள்.

விசாரணை அறிக்கை 18 காரணங்களைச் சொன்னது. தனி ஆள் ஓட்டியதால்தான் விபத்து என்று அது சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் "ஏழு போதுமா?" என்று கேட்க அந்த இரவில் பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. மூன்று ஊழியர்கள் மேல் வழக்கு நடந்தது, 2018-ல் மூவரும் குற்றமற்றவர்கள் என்று ஜூரி விடுவித்தது.

2024-ல் அமெரிக்க ரயில் நிர்வாகம் வண்டிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று விதி போட்டபோது சிறு கம்பெனிகளுக்குச் சில விலக்குகளும் கொடுத்தது. சமதளத்தில் நாலு பெட்டி இழுக்கிற கம்பெனி விலக்கு கேட்பது எனக்குப் புரிகிறது. மலைச்சரிவிலோ கனத்த சரக்கோடோ ஓடுகிற வண்டிக்கு அது கூடாது. செலவு தாங்காது என்கிறார்களே, அப்படியென்றால் தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் கிடைக்கிற வரிச்சலுகையை அந்த இரண்டாவது ஆளின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் நீட்டச் சொல்லிக் கேட்கட்டும். அந்தக் கோரிக்கைக்கு முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.