கார்செட் மேல் கத்தி வைத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஒரு கடற்கொள்ளைக் கதையைப் பற்றிய ஜூம் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். கதையில் வரும் காட்சி இது: 1718, கரீபியன் பகுதியின் நாசாவ் துறைமுகம், ஆளுநர் வீட்டுப் பெண், கடற்கொள்ளைக்காரன் நீட்டும் கத்தி. மேல் உடம்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் உள்ளாடையான கார்செட்டின் கயிறு அறுகிறது, அவள் "பிறந்ததிலிருந்து முதன்முறையாக" மூச்சு விடுகிறாள், கார்செட் கடலுக்குள் போகிறது. எல்லாரும் ஹார்ட்டின் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் சொன்னது ஒன்றே ஒன்று: அந்தக் காலத்து கார்செட் அப்படி மூச்சை நிறுத்தாது. "அக்கா, கதையை விட்டுட்டுத் துணியைப் பிடிச்சிட்டீங்களே!" என்றார் எழுத்தாளர். ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

சிரித்து முடித்தாயிற்று என்றால் துணியைப் பற்றிப் பேசலாமா?

அன்றைக்கு அவர்கள் போட்டது ஸ்டேஸ், கார்செட்டுக்கு முன்னோடியான உள்ளாடை. இடுப்பை ஒடுக்குவது அதன் முதல் வேலை அல்ல. மார்பைத் தாங்கி, முதுகை நிமிர்த்தி, மேல் உடம்பைக் கூம்பு வடிவில் நிறுத்துவது, அடுக்கடுக்கான பாவாடைகளின் கனத்தைத் தாங்குவது, இதெல்லாம்தான் வேலை. லினன் அடுக்குகளுக்கு நடுவே திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகள். நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். உடம்புச் சூட்டுக்கு வளைந்து கொடுக்கும். கயிறு கோக்கும் துளைகள் ஊசி நூலால் கையால் கட்டியவை. மூர்க்கமாக இழுத்தால் துணிதான் முதலில் கிழியும். உலோக வளையம் வைத்த துளைகள் வந்ததே 1820களில். நம் கதாநாயகிக்கோ ஒரு நூற்றாண்டு முன்னாலேயே "இரும்பு வளையங்கள் கிறீச்சிட" பணிப்பெண் இழுக்கிறாள். பலே.

அதையும் தூக்கிக் கடலில் எறிகிறாள்! லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய திருட்டு வழக்குகளைப் புரட்டினால் ஸ்டேஸ் அடிக்கடி தட்டுப்படும். திருடி விற்றால் காசு. கொள்ளைக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு சரக்கைக் கடலில் போடுகிறாள், அவனும் பார்த்து ரசிக்கிறான். நல்ல தொழில்காரன்.

இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2003இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தில் கதாநாயகி எலிசபெத் கார்செட் இறுக்கத்தில் மூச்சுத் திணறிக் கோட்டைச் சுவரிலிருந்து கடலில் விழுவாள். எனக்கும் பிடித்த படம்தான். அதன் பிறகு கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

நான் தைப்பவள். ஒரு நாடகத்துக்காக ஸ்டேஸ் தைத்து, நடிகைக்குக் கொடுப்பதற்கு முன் என் அளவில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தேன். அதோடு பெட்டி தூக்கினேன், படியேறினேன், சாப்பிட்டேன். இடுப்பை வளைத்துக் குனிய முடியாது, முட்டியை மடக்கித்தான் எடுக்க வேண்டும், அது உண்மை. மூச்சு முட்டவில்லை. மெஷின் முன்னாலேயே கூன் போட்ட என் முதுகுக்கு, சொல்லப்போனால், சுகமாகவே இருந்தது. ப்ளவுஸ் கக்கத்தில் பிடித்தால் டெய்லரைத் திட்டுவோமா, ப்ளவுஸ் போடுகிற வழக்கத்தையே திட்டுவோமா?

"அப்போ பெண்ணை இறுக்கிக் கட்டுவது சரி என்கிறாயா?" என்று இன்பாக்ஸில் வந்த தோழிக்கு: இல்லை. சின்னக் குழந்தைகளுக்கும் மாட்டிவிட்டார்கள், அது கொடுமைதான். 1788இலேயே ஸோமரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் இதன் கெடுதியைப் பற்றி எழுதினார். பின்னாளில் விக்டோரியா ராணி காலத்தில் இடுப்பை ஒடுக்கியவர்களும் உண்டு. எல்லாம் தெரியும். ஆனால் கதை நடப்பது 1718இல்.

"ஒரு குறியீடுதானே!" என்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். எதற்குக் குறியீடு? அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமானால் அவள் கைப்பணமும் கூலியும் புருஷனுக்கு. அது ஒழுங்காக மாற 1882 ஆனது. அந்தச் சட்டத்தை எந்தக் கத்தியால் அறுப்பீர்கள்? அதே கரீபியனில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் செத்துக்கொண்டிருந்தார்கள். கதையில் அவர்கள் தலைகூடக் காணோம். கொடுமை என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தது பணக்காரப் பெண்ணின் உள்ளாடையையா?

நிஜமான பெண் கொள்ளையர் வேண்டுமென்றால் ஆன் போனியும் மேரி ரீடும் இருக்கிறார்கள். 1720 நவம்பரில் ஜமைக்காவில் விசாரணை. டாரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னாள்: ஆண்களின் மேல்சட்டை, நீளக் கால்சட்டை, தலையில் கைக்குட்டை, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும். மார்பைப் பார்த்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டாளாம். வேலைக்குத் தோதான உடுப்பைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார்கள், அவ்வளவுதான். யாரும் நின்று பெருமூச்சு விடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே கூட்டத்தில் ஒரு நண்பர் கப்பலின் பாய்மரம் தப்பு, பீரங்கி தப்பு என்று அரைமணி நேரம் பேசினார். எழுத்தாளர் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டார். "என்ன ஒரு ஆராய்ச்சி சார்!" அவர் பேசினால் ஆராய்ச்சி, நான் பேசினால் துணி. அவர் ஒரு பீரங்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் அந்தத் துளைகளை விரலில் ரத்தம் வரக் கட்டியிருக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகு ஒருவர் குழுவில் "தையற்காரம்மாவுக்கு இலக்கியம் எதுக்கு" என்று போட்டுவிட்டு அழித்தார். படித்துவிட்டேன் ஐயா. அமெரிக்க விடுதலைக்காக எழுதினார் என்று நீங்கள் மேடையில் முழங்கும் தாமஸ் பெயின், அப்பாவிடம் கற்றுக்கொண்ட தொழில் ஸ்டேஸ் தைப்பதுதான். 1757இல் அரசு உரிமம் பெற்ற கொள்ளைக் கப்பல் ஒன்றிலும் போனார். அவரிடமும் போய்க் கேளுங்கள், உமக்கு எழுத்து எதற்கு என்று.

இரண்டாம் பதிப்பு தயாராகிறதாம். கத்தி இருக்கட்டும், கடல் இருக்கட்டும், அந்தப் பெண் ஆசைதீர மூச்சும் விட்டுக்கொள்ளட்டும். அந்த இரும்பு வளையங்களை மட்டுமாவது எடுத்துவிடுங்கள், தம்பி.