மர்லின் மன்றோ 'பிளேபாய்' இதழுக்காகப் படம் எடுத்துக்கொண்டாரா?

1953 டிசம்பரில் வெளியான 'பிளேபாய்' என்ற அமெரிக்க ஆண்கள் பத்திரிகையின் முதல் இதழுக்காகவே ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ ஆடையின்றிப் படம் எடுத்துக்கொண்டார் என்றும், அதற்குப் பெருந்தொகை பெற்றார் என்றும் ஒரு செய்தி சமூக ஊடகங்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

அந்தப் படம் 1949 மே மாதம், மன்றோ வாய்ப்பின்றிப் பணமுடையில் இருந்தபோது, ஹாலிவுட்டில் புகைப்படக் கலைஞர் டாம் கெல்லியின் ஸ்டூடியோவில், விரித்துப் போட்ட சிவப்பு வெல்வெட் துணியின் மீது எடுக்கப்பட்டது. அதற்கு அவர் பெற்றது 50 டாலர், ஒப்புதல் படிவத்தில் இட்ட பெயரோ 'மோனா மன்றோ'. சுவர் நாட்காட்டிகளுக்கான பின்-அப் (கவர்ச்சிப்) படமாகவே அது விற்பனைக்கு வந்தது. 1952-ல் படத்தில் இருப்பவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது, பணத்தேவைக்காகச் செய்ததாக அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒரு நடிகையின் தொழிலையே முடித்திருக்கக்கூடிய அச்செய்தி அவருக்கு அனுதாபத்தைத்தான் சேர்த்தது.

அதன் பின்னரே 'பிளேபாய்' நிறுவனர் ஹியூ ஹெஃப்னர், சிகாகோவின் நாட்காட்டி நிறுவனம் ஒன்றிடமிருந்து 500 டாலருக்கு வெளியீட்டு உரிமையை வாங்கினார். 50,000-க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற அந்த இதழுக்காக மன்றோவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அவருக்கு ஒரு காசும் தரவில்லை. அட்டையில் அவர் கையசைக்கும் படமும் இதழுக்காக எடுத்ததன்று. அது 1952-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மிஸ் அமெரிக்கா ஊர்வலத்தில் எடுக்கப்பட்டது.