காஃப்காவா, ராபிட்எம்க்யூவா: வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

ஒரே பெரிய சாஃப்ட்வேரைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிப்பதுதான் மைக்ரோசர்வீஸ். அவற்றுக்கு நடுவே மெசேஜ் கொண்டுபோகும் சாஃப்ட்வேர்கள் காஃப்காவும் ராபிட்எம்க்யூவும். "மைக்ரோசர்வீஸுக்கு மாறுகிறோம், காஃப்கா போட்டுவிடலாமா?" என்று ஒரு நடுத்தரக் கம்பெனியில் யாராவது கேட்டால், அடுத்த நிமிடமே பேச்சு 'செகண்டுக்கு எத்தனை மெசேஜ் தாங்கும்' என்று போய்விடுகிறது. என்னைக் கேட்டால், முடிவு தப்பாகப் போவது அந்த இடத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு ஒரு லட்சம் ஆர்டர் வாங்கும் ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்வோம். அது சின்னக் கடையே இல்லை. ஒரு ஆர்டருக்கு ஆறு மெசேஜ்: எஸ்எம்எஸ், பில் பிடிஎஃப், ஸ்டாக் குறைப்பு, குடோனுக்குத் தகவல், கூரியர் புக்கிங், கணக்குப் பதிவு. மொத்தம் 6 லட்சம். ஒரு நாளுக்கு 86,400 செகண்ட், வகுத்தால் செகண்டுக்கு 7. தீபாவளி ஆஃபரில் பத்து மடங்கு ஏறினாலும் 70. சாதாரண சர்வர் மூன்றில் ஓடும் ராபிட்எம்க்யூ செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்ளும். இன்னும் சொன்னால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள் போட்டு, 'ஸ்கிப் லாக்டு' (இன்னொருவர் எடுத்துக்கொண்டிருக்கும் வரியைத் தாண்டிப் போகும் வசதி) வைத்து வரிசையாக எடுத்தாலே இந்த அளவுக்குப் போதும். 9.5 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒருவர் படித்து முடித்த மெசேஜ், வேறு யாருக்காவது, பிறகு எப்போதாவது தேவைப்படுமா?

ஓட்டலில் சப்ளையர் சமையல்கட்டுக்குக் கொடுக்கும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருக்கும் மாஸ்டர் அடுத்த சீட்டை எடுப்பார். தோசை தட்டுக்குப் போனதும் சீட்டு குப்பைக்குப் போகும். கியூ என்பது அதுதான், ராபிட்எம்க்யூ அதற்காக வந்தது. கல்லாவில் இருக்கும் நாளேடு அப்படி இல்லை. அதில் எழுதியதை யாரும் கிழிப்பதில்லை. முதலாளி இன்றைய பக்கத்தைப் பார்ப்பார், ஆடிட்டர் போன வாரத்துப் பக்கத்தில் இருப்பார், ஒருவர் படிப்பது மற்றவரைத் தடுக்காது. ஸ்ட்ரீம் அந்த வகை, காஃப்கா அதற்காக வந்தது.

இரண்டும் பிறந்த இடமே இதைச் சொல்லும். ராபிட்எம்க்யூ பேசும் ஏஎம்க்யூபி நெறிமுறை 2003-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் தொடங்கியது. ஒரு சிஸ்டம் கொடுக்கும் தகவல் இன்னொன்றின் கையில் பத்திரமாகச் சேர வேண்டும் என்பது அதன் கவலை. காஃப்கா லிங்க்ட்இன்னில் உருவாகி 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. பயனர்கள் செய்யும் ஒவ்வொரு கிளிக்கையும் ஒரே இடத்தில் எழுதிவைத்து, பல குழுக்கள் தங்கள் வேகத்தில் படித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே இருந்த தேவை.

இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? பில் பிடிஎஃப் தயாரித்து எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையைக் காஃப்காவில் வைக்கிறீர்கள். கன்ஸ்யூமர் (மெசேஜைப் படித்து வேலை செய்யும் புரோகிராம்) ஒரு முறை 'போல்' செய்தால், அதாவது புது மெசேஜ் கேட்டால், அதிகபட்சம் 500 மெசேஜ் எடுத்து வரும். அது டீஃபால்ட், அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் அளவு. அடுத்த போலுக்கு 5 நிமிடம், அதாவது 300 செகண்டுக்குள் வந்தாக வேண்டும். அதுவும் டீஃபால்ட். சாதாரண நாளில் ஒரு பில்லுக்கு 0.2 செகண்ட் என்றால் 500 பில்லுக்கு 100 செகண்ட், பிரச்சினை இல்லை. ஒருநாள் எஸ்எம்எஸ் கேட்வே (எஸ்எம்எஸ்ஸை அனுப்பிக் கொடுக்கும் வெளி சர்வீஸ்) மெதுவாகி ஒரு பில்லுக்கு 1 செகண்ட் ஆகிறது. 500 செகண்ட் வேண்டும், கையில் இருப்பது 300. 300 தாண்டியதும் 'இந்தக் கன்ஸ்யூமர் செத்துவிட்டது' என்று அதைக் குரூப்பிலிருந்து (வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கன்ஸ்யூமர் கூட்டம்) காஃப்கா கழற்றிவிடும், அதன் பார்ட்டிஷன் ('டாபிக்' என்ற மெசேஜ் ஏட்டின் ஒரு பங்கு) இன்னொன்றுக்குப் போகும். ஆஃப்செட், அதாவது எதுவரை படித்தாயிற்று என்ற குறி, இன்னும் கமிட் (பதிவு) ஆகவில்லை. அதனால் புதியது அதே 500-ஐ முதலிலிருந்து தொடங்கும். அதுவும் 300 செகண்டில் கழன்றுவிடும். அதே வாடிக்கையாளர்களுக்கு 'உங்கள் ஆர்டர் உறுதியானது' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு எஸ்எம்எஸ் போய்க்கொண்டே இருக்கும். லேக் கிராஃப் (இன்னும் படிக்காமல் நிற்கும் மெசேஜ் எண்ணிக்கை) ஏறும், சிபியு சும்மா இருக்கும், எர்ரர் என்று பளிச்சென எதுவும் கண்ணில் படாது. இதைச் சரிசெய்ய ஒரு போலுக்கு 500 என்பதை 50 ஆக்குங்கள், எஸ்எம்எஸ் கேட்வே அழைப்புக்கு 3 செகண்ட் டைம்-அவுட் வையுங்கள். 300 செகண்டை 30 நிமிடமாக நீட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையிலேயே தொங்கிப்போன கன்ஸ்யூமரை அரைமணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இன்னொன்று, ஒரு குரூப்பில் ஒரு பார்ட்டிஷனை ஒரு கன்ஸ்யூமர்தான் படிக்க முடியும். 6 பார்ட்டிஷன் இருக்கும் டாபிக்குக்கு 10 கன்ஸ்யூமர் ஏற்றினால் 4 பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு கெட்ட மெசேஜ் (உள்ளே இருக்கும் தகவலின் ஜேசான் வடிவம் உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்) மாட்டினால், அதைத் தாண்டும் வழியை நீங்கள் எழுதாதவரை, பின்னால் நிற்கும் அத்தனையும் நிற்கும்.

ராபிட்எம்க்யூவில் இந்த வேலை இயல்பாக ஓடும். அதற்காக அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. முதலில் பிரீஃபெட்ச், அதாவது ஒரு கன்ஸ்யூமர் முடிக்காமல் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய மெசேஜ் எண்ணிக்கை. நீங்கள் வைக்காவிட்டால் வரம்பே கிடையாது, கியூவில் இருப்பது மொத்தமும் ஒரே கன்ஸ்யூமர் மேல் கொட்டும். கனமான வேலைக்கு 1 முதல் 5, சின்ன வேலைக்கு 20 முதல் 50 வரை வைத்துத் தொடங்குங்கள். அடுத்தது கெட்ட மெசேஜ். அதைத் திரும்பக் கியூவுக்கே அனுப்பினால் மறுபடி வரும், மறுபடி போகும், சிபியு கொதிக்கும். ராபிட்எம்க்யூ 4.0 பதிப்பில் குவோரம் கியூவுக்கு (பல சர்வரில் பிரதி வைக்கும் கியூ) 20 தடவை என்று டீஃபால்ட் வரம்பு வந்திருக்கிறது. ஆனால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (கெட்ட மெசேஜைத் தனிக் கியூவுக்கு ஒதுக்கி அனுப்பும் வழி) வைக்காவிட்டால், வரம்பு தாண்டிய மெசேஜ் தூக்கியெறியப்படும். ஒரு ஆர்டரின் பில் சத்தமில்லாமல் காணாமல் போவதைவிடக் கியூ நின்றுபோவது எவ்வளவோ மேல். டெட் லெட்டரை முதல் நாளே கட்டுங்கள்.

கியூவை கோடவுனாக நினைப்பது மூன்றாவது தப்பு. கன்ஸ்யூமர் வெள்ளிக்கிழமை இரவு நின்றால் மெசேஜ் குவிந்துகொண்டே போகும். டிஸ்க்கோ மெமரியோ வரம்பைத் தொட்டதும் ராபிட்எம்க்யூ மெசேஜ் அனுப்புபவர்களைத் தடுத்து நிறுத்தும். பில் தயாரிக்கும் ஒரு சர்வீஸ் விழுந்ததற்கு, 'பணம் செலுத்து' பட்டனை அழுத்திய வாடிக்கையாளர் திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிஸ்க்கில் காலி இடம் எவ்வளவுக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்பதன் டீஃபால்ட் வெறும் 50 எம்பி. புரொடக்ஷனில் அது மிகக் குறைவு, சில ஜிபியாவது ஆக்குங்கள். கியூ நீளத்துக்கு அலாரம் வையுங்கள்.

சரி, காஃப்கா எங்கே தன் செலவுக்குத் தகுதியாகிறது? 2,000 டெலிவரி வண்டி, ஒவ்வொன்றும் 5 செகண்டுக்கு ஒருமுறை இருக்கும் இடத்தை அனுப்புகிறது. செகண்டுக்கு 400, நாளைக்கு 3 கோடியே 45 லட்சம். ஒன்று 300 பைட் என்றால் நாளைக்குச் சுமார் 10 ஜிபி, டீஃபால்ட் 7 நாள் வைத்து மூன்று பிரதி எடுத்தால் 220 ஜிபிக்குள். அளவு பெரியதுதான், ஆனால் இங்கே முடிவைத் தருவது அளவு இல்லை. லைவ் மேப் இதைப் படிக்கிறது. டீசல் கணக்கு இதையே படிக்கிறது. 'வண்டி என் தெருவுக்கே வரவில்லை' என்று மூன்று நாள் கழித்து ஒரு புகார் வந்தால் விசாரணையும் இதையேதான் படிக்க வேண்டும். அடுத்த மாதம் டிரைவரின் வேகத்தைக் கணக்கிடப் புது சர்வீஸ் எழுதினால், இருக்கும் 7 நாள் பதிவை முதலிலிருந்து ஓட்டிச் சோதிக்கலாம். கியூவில் இது எதுவும் நடக்காது, படித்ததும் போய்விட்டது.

இங்கே வண்டி எண்ணை கீயாக (மெசேஜ் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்று முடிவு செய்யும் அடையாளம்) வையுங்கள். ஒரு வண்டியின் மெசேஜ் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில், வந்த வரிசையில் இருக்கும். பார்ட்டிஷன் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே தாராளமாக, 24 அல்லது 30 என்று வையுங்கள். பிறகு 12-ஐ 20 ஆக்கினால் அதே வண்டி வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விடும், மாறிய நேரத்தில் வரிசை குலையும். பிரதி 3, குறைந்தபட்சம் ஒத்திருக்க வேண்டிய பிரதி 2, அக்ஸ் 'ஆல்' (ஒத்திருக்கும் எல்லாப் பிரதியிலும் எழுதிய பிறகே ஒப்புதல்). இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சர்வர் போனாலும் எழுதியது அழியாமல் இருக்கும். திரும்ப ஓட்டும்போது எஸ்எம்எஸ் அனுப்பும் கன்ஸ்யூமரின் ஆஃப்செட்டைத் தொட்டுவிடாதீர்கள். வெளியே விளைவு உண்டாக்கும் கன்ஸ்யூமருக்குத் தனிக் குரூப் கட்டாயம்.

காஃப்காவோடு சேர்த்து ஓட்ட வேண்டியிருந்த ஜூக்கீப்பர் என்ற தனி ஒருங்கிணைப்பு சாஃப்ட்வேருக்குப் பயந்து காஃப்காவைத் தள்ளி வைத்தவர்களுக்கு ஒரு தகவல்: 2025 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் அது முழுவதுமாகப் போய்விட்டது. பராமரிக்க ஆள் வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. அந்த ஆள் இல்லாத சின்னக் குழுவுக்கு அமேசான் எஸ்க்யூஎஸ் போன்ற வாடகைக் கியூவே போதும். அதில் இரண்டு எண்களை மட்டும் மாற்றிவிடுங்கள். எடுத்த மெசேஜ் மறைந்திருக்கும் நேரம் டீஃபால்ட்டாக 30 செகண்ட், வேலை அதைவிட நீண்டால் இன்னொருவர் கைக்கும் அதே மெசேஜ் போகும். மெசேஜை வைத்திருப்பது டீஃபால்ட்டாக 4 நாள். பொங்கல் லீவு தொடங்கும் மாலை கன்ஸ்யூமர் நின்று, ஐந்து நாள் கழித்து ஆபீஸ் திறந்தால் முதல் நாள் மெசேஜ் இருக்காது. 14 நாள் வரை ஏற்றலாம், ஏற்றிவிடுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரே மெசேஜ் இரண்டு முறை வரும் என்று வைத்தே கோடு எழுத வேண்டும். காஃப்கா சொல்லும் 'எக்ஸாக்ட்லி ஒன்ஸ்' (சரியாக ஒரே முறை) காஃப்காவுக்குள் மட்டும் செல்லும், எஸ்எம்எஸ் கேட்வேக்கு அது தெரியாது. மெசேஜுக்கு ஒரு ஐடி கொடுத்து, டேபிளில் அதற்கு யுனிக் கட்டுப்பாடு (அதே ஐடி இரண்டாம் முறை நுழையாது) போட்டு, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடுங்கள். அனுப்பும் பக்கத்திலும் ஓட்டை உண்டு. ஆர்டர் டேட்டாபேஸில் பதிவாகி, மெசேஜ் போகும் முன் சர்வர் விழுந்தால் பில் வராது. ஆர்டர் எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் (எழுதினால் எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையேல் எதுவும் ஆகாது) 'அவுட்பாக்ஸ்' என்று ஒரு டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். தனி புரோசஸ் அதைப் படித்து அனுப்பட்டும், அனுப்பியதற்கு ஒப்புதல் வந்த பிறகே வரியை அழிக்கட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் அழியாமல் ஒரு வரி கிடந்தால் போனில் அலாரம் அடிக்க வேண்டும்.