படுத்தது நாயின் குற்றமா?

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க் கடைக் களவுக்கு வந்த மோப்ப நாய் குழாயடி வரை போய்ப் படுத்துவிட்ட காணொளியை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் கீழே "அடுத்த முறை பூனையைக் கொண்டு வாங்கோ" என்று எழுதியிருக்கும் தம்பி, அன்று காலை அந்தக் கடைக்குள்ளேயே நின்று தேநீர் குடித்தவர்களில் ஒருவர் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

களவு தெரிந்தது காலை 6 மணிக்கு; நாய் வந்தது 11.30க்கு. இடையில் விடுப்புப் பார்க்க வந்தவர்களில் உடைந்த கதவைத் தொட்டுப் பார்க்காதவர் எவரும் இல்லை. போதாக்குறைக்கு வாசலைக் கூட்டி மஞ்சள் தண்ணீரும் தெளித்தாயிற்று. (தெளித்தவரை நான் குறை சொல்லவில்லை, வீட்டில் அப்படி நடந்தால் நானும் தெளித்திருப்பேன்.) கழுவிய வாசலில், நூறு பேருடைய செருப்புத் தடத்தின் மேல், உச்சி வெயிலில் ஒரு நாயை விட்டுவிட்டுக் கள்ளனைப் பிடி என்றால் அது எதைப் பிடிக்கும்? வாயைத் திறந்து இளைக்கின்ற நாயால் மூக்கால் இழுத்து ஒழுங்காக மணம் பிடிக்க முடியாது. பிழை நாயுடையது இல்லை, வாசலைக் கழுவிய எங்களுடையதுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 2011 இல் மாங்குளத்துக்குக் கிழக்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். பக்கத்து நிலத்துண்டில் நாய்கள் வேலை செய்தன. புதைத்து வைத்த வெடிமருந்து மாதிரியை அவை ஒவ்வொரு காலையும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். காட்டாத நாய்க்கு அன்று வேலை இல்லை, ஏச்சும் இல்லை. ஒரு நாய் பார்த்துவிட்டுப் போன நிலத்தை இன்னொரு நாயும் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். ஒருநாள் ஒரு நாய், நான் உலோகம் காட்டும் கருவியால் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்த ஓரத்தில் போய் அசையாமல் இருந்துவிட்டது. களைத்துவிட்டது என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நாய்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நாயைப் பின்னால் அழைத்துப் பந்தைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் காட்டினார். முழங்காலில் இருந்து ஒரு மணி நேரம் மண்ணைச் சுரண்டியதில் மரப்பெட்டி உக்கிப்போன ஜொனி மிதிவெடி ஒன்று வந்தது. நான் இன்று இரண்டு காலில் நடந்துபோய்த்தான் அந்தக் காணொளிக்குரிய இடத்தைப் பார்த்தேன்.

"பொலிஸுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று உட்பெட்டியில் கேட்டவருக்கும் பதில் சொல்கிறேன். சோதனைச் சாவடியில் அம்மாவின் பைக்குள் நாய் மூக்கை விட்டதையும், பைக்குள் இருந்த சாமிப்படத்தை அவர் வீட்டுக்கு வந்து மூன்று தரம் கழுவியதையும் நான் மறக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் கையொப்பம் வைத்துவிட்டு வந்தவளும் நான்தான். அதைக் கேளுங்கள். ஐந்தரை மணி நேரம் ஏன் தாமதம் என்று கேளுங்கள். அதையெல்லாம் கேட்கத் துணிவு வராத இடத்தில் "நாய்க்குத் தமிழ் விளங்காது" என்று பகிடி விடுவது எந்த வகை வீரம்? அந்தப் பகிடிக்கு முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால்தான் இவ்வளவு கோபமும் வருகிறது.

நாயைக் கொண்டுவந்த உத்தியோகத்தரைப் பற்றி "சம்பளம் வாங்குகிறவர்தானே, பேச்சும் வாங்கட்டும்" என்பவருக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

1948 முதல் பொலிஸ் நாய்ப் பிரிவு இருக்கிறது; அதன் தலைமையகம் கண்டி அஸ்கிரியாவில். இத்தனை வருடத்தில், நாய் வரும்வரை கயிறு கட்டி ஆட்களை வெளியே நிறுத்த வேண்டும் என்ற ஒரு விடயம் எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் கயிற்றைத் தாண்டி உள்ளே நின்றிருப்போம் என்பது வேறு கதை.

காணொளி முடிந்த பிறகு நடந்ததை ஒருவரும் எடுக்கவில்லை. அந்த உத்தியோகத்தர் எங்கள் படலைக்கு வந்து தண்ணீர் கேட்டார். வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் நாய் குடித்தது. "அக்கா, வாசல் கழுவினதா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். ஓம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வாகனத்துக்குப் பின்னால் போய்த் தன் கையுறையைப் புல்லுக்குள் ஒளித்துவைத்து, நாயைத் தேடவிட்டார். அது ஒரு நொடியில் எடுத்துவந்தது. அவர் நாயின் கழுத்தைத் தடவிப் பந்தைக் கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏற்றினார்.