படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்!

மணி இரவு 1.20. நாளைக் காலை ஏழரைக்குக் கடை திறக்க வேண்டும். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? கணினித் திரையில் ஒரு கெளுத்தி மீன் படத்தின் மீசையைச் சுற்றி இருக்கும் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரமாக. மீசை ஒவ்வொன்றாக.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த ஐந்து பேர் நாங்கள். பால்மரம் என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, லயமும் போனது. இப்போது ஒருவர் கிள்ளானில், ஒருத்தி பினாங்கில், மற்றவர்கள் இங்கேயே தாமானில், புதுக் குடியிருப்பில். விட்டுப்போன உறவைப் பிடித்து வைக்க ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். 1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும் கூட்டாளிகளும் ஆடியதுதான். தாளை மடித்து மடித்து, முந்தையவர் என்ன போட்டார் என்று பார்க்காமலே அடுத்தவர் தொடர வேண்டும். முதலில் சொற்களை வைத்து ஆடியபோது "அழகிய பிணம் புது ஒயினைக் குடிக்கும்" என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்ததாம். விளையாட்டுக்கு அழகிய பிணம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எங்களுக்குத் தாளுக்குப் பதில் கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருள். காசு கட்ட வேண்டாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். 3000க்கு 4000 பிக்சல் கான்வாஸ். தலை ஒருவர், மார்பு ஒருவர், வயிறு ஒருவர், கால் ஒருவர், காலுக்குக் கீழே நிலம் நான். தன் பகுதியின் அடியில் 100 பிக்சல் பட்டையை மட்டும் அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். அப்புறம் லேயர்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படத் துண்டுகள், தனித்தனியாகப் பிரிந்திருக்கும் கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பை எனக்கு அனுப்ப வேண்டும். நான் ஒட்டுவேன். அவ்வளவுதான் விதி. இதில் என்ன கஷ்டம்?

கிள்ளான் அண்ணன் வயிற்றுக்கு ஒரு பால் மங்கு, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், வைத்து, அதில் கெளுத்தி நீந்துகிற மாதிரி செய்திருக்கிறார். அருமை, கையைக் கும்பிடலாம். ஆனால் அனுப்பியது எப்படி? வாட்ஸ்அப்பில், படமாக! பின்னணி இல்லாமல் வெட்டியெடுத்த மீன் அங்கே ஜேபெக் என்கிற சுருக்கிய படக் கோப்பாகிவிடுகிறது. ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. காலியாக இருந்த இடமெல்லாம் வெள்ளை. போதாததற்கு 4000 பிக்சல் உயரம் 1600 ஆகச் சுருங்கி வருகிறது. வெள்ளைதானே, ஒரே கிளிக்கில் எடுத்துவிடலாமே என்பீர்கள். முடியாது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக நறுக்கிச் சுருக்குகிறது. ஓரங்களில் தூசி மாதிரி சாம்பல் புள்ளிகள் அப்பிக்கொள்ளும். மீனைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி இருக்கிறது. முதலில் போவது மீசை.

"அண்ணே, டாக்குமெண்டாக அனுப்புங்கண்ணே" என்றேன். மறுபடி அனுப்பினார். டாக்குமெண்டாகத்தான். ஆனால் எல்லா லேயரையும் ஒன்றாக அமுக்கி, அதையும் ஜேபெக்காகவே சேமித்து. "ஒன்னாத்தானேடா இருக்கணும்?" என்று கேட்கிறார். அப்பா, பெரியப்பா எல்லாம் பால் வெட்டிய குடும்பம். வாளிப் பாலில் ஆசிட் ஊற்றிக் கட்டியாக்கிவிட்டால் அதை மறுபடி பாலாக்க முடியுமா? அதே கதைதான் இது. லேயர் இருந்தால் மங்கை இடம் மாற்றலாம், மீனைத் திருப்பலாம். அமுக்கிய பிறகு இரண்டும் ஒரே கட்டி. நிறைய பேருக்கு இது புரிகிறதே இல்லை. கடைக்கு பேனர் அடிக்க வருகிறவர்களும் இப்படித்தான். ஒரு தடவை தீமிதி பேனருக்குத் தபால்தலை அளவில் மாரியம்மன் படம் வந்தது, பத்தடிக்குப் பெரிதாக்கச் சொன்னார்கள். அதை விடுங்கள், தனிப் பதிவே போடலாம்.

வாத்தியார் ஐயா ஓய்வு பெற்றவர், தலை அவர் பங்கு. பால்வெட்டுக்காரரின் நெற்றி விளக்கை மட்டும் தலையாக வைத்திருந்தார், இருட்டுக்குள் ஒரே ஒரு வெளிச்சம். பார்த்ததும் எனக்கு விடிகாலைப் பெரட்டு, வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுப்பு, ஞாபகம் வந்துவிட்டது. அதை எனக்கு மட்டும் அனுப்பாமல் குழுவிலேயே போட்டுவிட்டார். ஐந்து பேரும் பார்த்தாயிற்று! மடித்த தாளை விரித்துக் காட்டிய பிறகு என்ன விளையாட்டு? பினாங்குத் தங்கச்சி உடனே "மேட்சிங்கா இருக்கட்டும்" என்று மார்பில் வரிசையாக ஆறு விளக்கு வைத்துவிட்டாள். யார் கேட்டது மேட்சிங்? பொருந்தாமல் இருக்கத்தானே இத்தனை பாடு! அடுத்த நாள் ஐயா, "தலை இல்லாம எப்படிம்மா, பாவம்" என்று விளக்குக்குக் கீழே ஒரு சிரித்த முகத்தையும் ஒட்டி அனுப்பினார். பற்பசை விளம்பரத்துச் சிரிப்பு. பெரியவர் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதே கூட்டத்து ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழைய புத்தகச் சித்திரங்களைக் கத்தரித்து ஒட்டியே ஆளை மிரட்டினார். கையில் கத்தரிக்கோலும் பசையும்தான். எங்கே ஒட்டியிருக்கிறார் என்று தேட வேண்டும். நமக்கோ 1996இலிருந்து கிம்ப் சும்மா கிடைக்கிறது, மீனைச் சுற்றி வெள்ளைப் பெட்டி.

அண்ணே, அந்த எக்ஸ்சிஎஃப் கோப்பு உங்கள் கணினியில் இன்னும் இருக்கும். குப்பைத் தொட்டியிலாவது பாருங்கள். இன்னும் மூன்று மீசை பாக்கி இருக்கிறது.