செவ்பாக்கா மேல் நிலவு விழுந்ததும் வாசகர் கோபமும்

ஸ்பாய்லர் உண்டு. பெரும்பாலும் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட நாவல்கள்தான், ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஸ்டார் வார்ஸ் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘வெக்டர் பிரைம்’ பெயரில் ஒரு சண்டை நடக்காமல் இருக்காது. ‘நியூ ஜெடை ஆர்டர்’ என்ற பெருந்தொடரின் முதல் புத்தகம் அது; ஆர்.ஏ. சால்வடோர் எழுதி, 1999 அக்டோபரில் டெல் ரே பதிப்பகம் வெளியிட்டது. அதில் ஹான் சோலோவின் நெடுநாள் கூட்டாளியான, உடம்பெல்லாம் ரோமம் மூடிய செவ்பாக்கா செத்துப்போகிறான். ஜாலியான விண்வெளி சாகசத்தை எழவு வீடாக்கிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. யாருமே சாகாத போர் என்ன போர் என்று எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் முதல் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறது. என்னைக் கேட்டால், அந்தக் கோபத்தில் பெரும்பகுதிக்கும் கதையின் இருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சாவை ஒரு புத்தகத்தில் வைத்துவிட்டு, அதற்கான துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

முதலில் அதற்கு முந்தைய நிலவரம். 1991 மே மாதம் டிமதி ஸான் எழுதிய நாவலோடு பேன்டம் பதிப்பகம் இந்தத் தொடர்கதைகளைப் பெரிதாகக் கையில் எடுத்தது. எட்டு வருஷம் நன்றாகவே ஓடியது. ஆனால் நடுவில் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது: புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு மகா ஆயுதம். 1994இல் நட்சத்திரத்தையே வெடிக்கவைக்கும் சன் க்ரஷர். 1995இல் ஹட் கும்பல் மலிவாகக் கட்டிய டார்க்சேபர். அது சரியாகச் சுடக்கூட இல்லை. அதே வருஷம் கோரெலியா கதைகளில் சென்டர்பாயின்ட் நிலையம். கடைசி அத்தியாயத்தில் ஆயுதம் அழியும், படங்களின் நாயகர்களான லூக், ஹான், லேயா மூவரும் சிரித்தபடி வீடு திரும்புவார்கள். பக்கத்தைப் புரட்டும்போது பயமே வராது என்று அலுத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை, இதே வாசகர்கள்தான். 1999இல் திட்டிய எல்லோரையும் ‘மென்மையான கதை கேட்கும் கூட்டம்’ என்று ஓரங்கட்டுவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

உரிமை டெல் ரேவுக்குக் கைமாறியபோது, ஒரே எதிரி, ஒரே போர் என்று ஐந்து வருஷத்துக்கு நீளும் பெருந்தொடர் ஒன்றைத் திட்டமிட்டார்கள். ‘நியூ ஜெடை ஆர்டர்’. மொத்தம் 19 நாவல்கள், முடிந்தது 2003 நவம்பரில். லூகாஸ்ஃபிலிம் ஆட்கள், டெல் ரே எடிட்டர்கள், காமிக்ஸ் போடும் டார்க் ஹார்ஸ் ஆட்கள் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தமுறை யாருக்கும் உத்தரவாதம் இல்லை என்பதை முதல் புத்தகத்திலேயே வாசகர் மண்டையில் ஏற்றியாக வேண்டும், அதற்கு ஒரு பெரிய தலை உருள வேண்டும் என்று முடிவானது. லூக்கைத் தொடக் கூடாது என்று ஜார்ஜ் லூகாஸ் சொல்லிவிட்டார். செவ்பாக்கா பெயரை முன்வைத்தவர் டார்க் ஹார்ஸின் ரேண்டி ஸ்ட்ராட்லி. சால்வடோரின் கைக்கு இது முடிந்துபோன முடிவாகத்தான் வந்தது. அவர் தேர்ந்தெடுத்த சாவே இல்லை அது. ஆனால் அட்டையில் இருப்பது அவர் பெயர். வசைக் கடிதங்கள் முழுக்க அவர் தலையில் வந்து விடிந்தன.

ஏன் செவ்பாக்கா? உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் தொழில்நுட்பக் காரணம் புரியும். அவன் பேசுவது உறுமல். திரையில் அந்தச் சத்தமும் உடம்பும் போதும், ஆள் நிறைந்துவிடுவான். உரைநடையில் அப்படி இல்லை. ஒவ்வொரு உறுமலுக்கும் ஹானோ லேயாவோ பதில் சொல்லித்தான் அர்த்தம் வெளியே வரவேண்டும். அதனாலேயே முந்தைய நாவல்களில் பல எழுத்தாளர்கள் அவனைக் கப்பலில் ரிப்பேர் வேலைக்கு அனுப்பிவிட்டுக் கதையைத் தங்கள் பாட்டுக்கு நடத்தினார்கள். எழுதக் கஷ்டமான பாத்திரம், ஆனால் போனால் ஹானை அடியோடு சாய்க்கும் பாத்திரம். திட்டமிடுகிறவர்களுக்கு லாபக் கணக்கு நேராக வந்துவிட்டது. வாசகனுக்கு அந்தக் கணக்கின் வாடை அடித்துவிட்டது, அதுவும் உண்மை.

ஆனால் சாவை எழுதிய விதத்தைக் குறைசொல்ல முடியாது. எதிரிகள் யூஸான் வாங். உயிரினங்களையே ஆயுதமாக, கவசமாக, கப்பலாக வளர்ப்பவர்கள். ஜெடை வீரர்களிடம் இருக்கும் ‘ஃபோர்ஸ்’ என்ற அதீத சக்தியின் புலனுக்கு அகப்படாதவர்கள். செர்ன்பிடால் என்ற கோளில் டோவின் பேசல் என்னும் ஈர்ப்பு விசை உண்டாக்கும் உயிரியை இறக்கி, டோபிடோ என்ற நிலவைக் கீழே இழுக்கிறார்கள். நிலவு ஒவ்வொரு சுற்றுக்கும் தாழ்ந்து வருகிறது. ஹானின் ஃபால்கன் கப்பலில் அகதிகள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். காற்று ஆளைத் தூக்குகிறது. வெளியே மாட்டிக்கொண்ட ஹானின் கடைசி மகன் அனகினை செவ்பாக்கா தூக்கிக் கப்பலின் சாய்தளத்தில் நிற்கும் ஹானிடம் எறிகிறான். தன்னால் ஏற முடியவில்லை. அனகின் ஓட்டுநர் இருக்கைக்கு ஓடிப்போய்க் கப்பலைத் திருப்புகிறான்; கீழே போனால் ஏறியிருக்கும் அத்தனை பேரும் சாவார்கள் என்று தெரிந்ததும் மூக்கை மேலே தூக்குகிறான். திறந்த சாய்தளத்தில் நின்று ஹான் பார்க்கிறான்: செவ்பாக்கா இரண்டு கையையும் ஓங்கி, விழும் நிலவைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் ஹான் தன் மகனையே பார்த்து, நீதான் அவனை விட்டுவிட்டு வந்தாய் என்கிறான். மொத்த நாவலிலும் கொடூரமான இடம் எனக்கு இதுதான். நிலவு அடுத்தபடிதான்.

(ஒரு இடைச்செருகல். ‘நிலவு இப்படி முழுசாக விழாது, பாதி வழியிலேயே உடைந்து சிதறும்’ என்று ரோஷ் எல்லையை (அதைத் தாண்டி நெருங்கினால் கோளின் ஈர்ப்பே நிலவைப் பிய்த்துவிடும் தூரம்) காட்டி வாதிடுபவர்கள் உண்டு. பெரிய நிலவுக்கு அது சரி. சின்னதாக, ஒரே பாறையாக இறுகிக் கிடந்தால் அந்த எல்லைக்கு உள்ளேயும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். செவ்வாயின் ஃபோபோஸ் நிலவு நூறு வருஷத்துக்குச் சுமார் 1.8 மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. சில மணி நேரத்தில் இறக்கத்தான் அந்தக் கற்பனை உயிரி தேவைப்படுகிறது. அறிவியல் ஓட்டை தேடுபவர்களுக்கு இந்த நாவலில் இதைவிடப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.)

சரி, துக்கம் எங்கே போனது? இங்கேதான் பதிப்பு விவரம் முக்கியம். 19 நாவல்களில் ஐந்து மட்டும் கெட்டி அட்டை: ‘வெக்டர் பிரைம்’, ‘பேலன்ஸ் பாயின்ட்’, ‘ஸ்டார் பை ஸ்டார்’, ‘டெஸ்டினிஸ் வே’, ‘தி யூனிஃபையிங் ஃபோர்ஸ்’. மீதி 14 பேப்பர்பேக். செவ்பாக்கா செத்தது கெட்டி அட்டையில். அதற்கு அடுத்து வந்தவை மைக்கேல் ஸ்டாக்போலின் இரண்டு ‘டார்க் டைட்’ பேப்பர்பேக்குகள். அவற்றின் கவனம் முழுக்கப் போர்முனையிலும் ஜெடைகளிலும். ஹான் ஓரத்தில் கிடக்கிறான். நண்பன் போன வலியை ஹான் உண்மையில் சுமப்பது ஜேம்ஸ் லூசினோ எழுதிய ‘ஹீரோஸ் ட்ரையல்’ நாவலில். அது வந்தது 2000 ஆகஸ்டில், பேப்பர்பேக்கில். அதாவது பத்து மாதம் கழித்து, நான்காவது புத்தகமாக.

அந்தப் புத்தகம் நினைவஞ்சலிக்காக எல்லோரும் செவ்பாக்காவின் சொந்தக் கோளான காஷ்யிக்கில் கூடுவதில் தொடங்குகிறது. செவ்பாக்காவின் மகனும் சகோதரி மகனும் வந்து, தன் உயிரைக் காப்பாற்றியதற்காக அவன் ஹானுக்குப் பட்ட உயிர்க்கடனை இனி நாங்கள் சுமக்கிறோம் என்கிறார்கள். ஹான் வேண்டாம் என்கிறான். லேயாவிடமிருந்து விலகுகிறான், பழைய கூட்டாளி ரோவாவோடு கிளம்பிப்போகிறான், ட்ரோமா என்ற நாடோடியோடு விருப்பமில்லாமல் சிநேகமாகிறான். வாசகர்கள் கேட்ட அத்தனையும் இதில் இருக்கிறது. ஆனால் கெட்டி அட்டைகளை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு அடுத்த நிறுத்தம் 2000 நவம்பரின் ‘பேலன்ஸ் பாயின்ட்’. அதில் ஹான் டூரோ கோளின் அகதி முகாமில் வேலை பார்க்கிறான், லேயாவோடு சமாதானம் ஆகிவிடுகிறான். அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நண்பன் செத்தான், ஒரு வருஷம் ஓடியது, எல்லாம் சரியாகிவிட்டது. ‘கொன்றுவிட்டு மறந்தும் போனார்கள்’ என்ற புகாரின் கணிசமான பங்கு இந்த இடைவெளியில் பிறந்திருக்கும் என்பது என் கணிப்பு. நாவலாசிரியர் யாரும் செய்த தப்பு இல்லை. வெளியீட்டு அட்டவணை செய்த தப்பு. டார்க் ஹார்ஸ் 2000இல் செவ்பாக்கா நினைவாக நான்கு இதழ் காமிக்ஸும் போட்டது. நல்ல காமிக்ஸ்தான், ஆனால் அது இன்னொரு கடை, இன்னொரு வாசகர்.

‘ஸ்டார் பை ஸ்டார்’ (ட்ராய் டென்னிங், 2001 இறுதி) இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. இதுவும் கெட்டி அட்டை, இன்னும் இருட்டு. ஜெடைகளை மோப்பம் பிடித்து வேட்டையாடும் வாக்ஸின் விலங்குகள் எல்லாம் ஒரே ராணியிலிருந்து நகலெடுத்தவை. அவளைக் கொன்றால் வகையறாவே ஒழியும். இளம் ஜெடைகளின் படை ஒன்று உள்ளே போகிறது. தலைவன் அதே அனகின் சோலோ. வயிற்றில் குத்து விழுகிறது. குணமாக்கும் உறக்கத்தில் படுக்க நேரம் கேட்டால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள், அதனால் கேட்கவே மாட்டேன் என்கிறான். கட்டுப் போட்டு நடக்கிறான், மறுபடி கிழிகிறது, மறுபடி கட்டு. பல அத்தியாயங்களுக்கு வாசகர் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சாவு வரும்போது திடுக்கிடல் இல்லை, அடிவயிறு கலங்குகிறது. பிள்ளை போன செய்தி ஹானுக்கும் லேயாவுக்கும் எட்டுவதும் இதே புத்தகத்தில்தான், தலைநகர் கொரஸ்கான்ட் விழுவதும் இதில்தான். அகதிக் கப்பல்களைக் கோளின் பாதுகாப்புக் கவசத்தின் மேல் மோதவிட்டு எதிரி வழி திறக்கும் பக்கங்கள், செப்டம்பர் 11 முடிந்து ஏழெட்டு வாரத்தில் அமெரிக்க வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எழுதியது அதற்கு முன்பே, யாரும் திட்டமிட்டதல்ல. ஆனாலும் செவ்பாக்கா சாவுக்கு வந்த மாதிரியான வசை இதற்கு ஒட்டிக்கொள்ளவில்லை. இன்றும் இந்தத் தொடரில் சிறந்தது எது என்று கேட்டால் இந்தப் பெயரை முதல் வரிசையில் சொல்வார்கள்.

ஒரு மனக்குறை மட்டும் மிச்சம். தொடரின் நாயகனாக முதலில் நினைத்திருந்தது அனகினைத்தான். 1999இல் திரைக்கு வந்த படத்திலும் ஒரு அனகின், இவனுடைய தாத்தா. குழப்பம் வரும் என்று லூகாஸ் தரப்பு சொன்னதால் நாயகன் இடம் அண்ணன் ஜேசனுக்குப் போனது. அனகின் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தபோதே வெட்டப்பட்டதாகச் சிலர் உணர்ந்தது பிரமை அல்ல.

ஜேசனுக்கு இடம் போனதால் ‘ட்ரெய்ட்டர்’ (மேத்யூ ஸ்டோவர், 2002) கிடைத்தது என்பதற்காக நான் அதை மன்னித்துவிடுகிறேன். சின்ன பேப்பர்பேக். லூக் இல்லை, ஹான் இல்லை, லேயா இல்லை. சிறைப்பட்ட ஜேசன், அவனை வதைத்தபடியே கற்றுக்கொடுக்கும் பழைய ஜெடை வெர்ஜியர், அவ்வளவுதான். தொடரிலேயே மிக இருண்டது இது. சண்டைக் காட்சிக்காக வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், தத்துவ விசாரணையாக இருக்கிறதே என்றார்கள். அப்படித்தான் இருக்கிறது, அதுதான் அதன் பலம். கடைசியில் கானர் ரைசோட் என்ற பகட்டுப் பேர்வழி ஒற்றை ஆளாக வாசலை மறித்து நிற்பதைப் படித்துவிட்டு இது வெறும் இருட்டு என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

சாவு எங்கே சலித்துப்போனது என்றால், 2006–2008இல் வந்த ‘லெகஸி ஆஃப் தி ஃபோர்ஸ்’ ஒன்பது நாவல்களில். 2007இல் லூக்கின் மனைவி மாரா ஜேட் கொல்லப்படுகிறாள், கொல்பவன் ஜேசன். 2008இல் ஜேசனை அவனுடைய இரட்டைச் சகோதரி ஜெய்னாவே முடிக்கிறாள். வெர்ஜியரிடம் அவன் பட்ட வதைக்கும் பெற்ற தெளிவுக்கும் அர்த்தமே இல்லாமல் போனது என்று இங்கே வந்த கோபத்தை 1999 கோபத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. முன்னது அதிர்ச்சி. பின்னது, ஏற்கெனவே படித்து நேசித்த புத்தகங்களைப் பின்னோக்கிக் கெடுக்கிறார்கள் என்ற எரிச்சல். எனக்கும் அந்த எரிச்சல் உண்டு.

2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் இந்த நாவல்கள் எல்லாவற்றையும் ‘லெஜன்ட்ஸ்’ என்று, அதாவது இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று, தனியே ஒதுக்கிவிட்டது. 2015 படத்தில் செவ்பாக்கா உயிரோடு வந்தான். சிலருக்கு அது ஆறுதல். நாவலை நாவலாகப் படிப்பவருக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: ‘வெக்டர் பிரைம்’ முடித்த கையோடு ‘டார்க் டைட்’ இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு நேரே ‘ஹீரோஸ் ட்ரையல்’, ‘ஜெடை எக்லிப்ஸ்’ போங்கள். பிறகு திரும்பி வந்து ‘டார்க் டைட்’ படிக்கலாம். இத்தோர் கோளின் கதி மட்டும் முன்பே தெரிந்துவிடும், பரவாயில்லை. அதன்பின் ‘பேலன்ஸ் பாயின்ட்’, க்ரெக் கீஸின் ‘எட்ஜ் ஆஃப் விக்டரி’ இரண்டு, ‘ஸ்டார் பை ஸ்டார்’. அனகின் சாவுக்குப் பிறகு ‘டார்க் ஜர்னி’யைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுமாரான நாவல்தான், ஆனால் ஜெய்னாவின் ஆத்திரம் அதில்தான் இருக்கிறது. ‘ஃபோர்ஸ் ஹெரெடிக்’ மூன்றும் மெதுவாக நகரும். பொறுமை இல்லையென்றால் மூன்றாவதை மட்டும் படித்துவிட்டுக் கடைசி இரண்டுக்குப் போகலாம். ‘தி யூனிஃபையிங் ஃபோர்ஸ்’ முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போய் ஜேசன் என்ன ஆனான் என்று பார்த்தே தீருவேன் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், என்னிடம் வந்து புலம்பாமல் இருந்தால் சரி.