அண்டார்டிகா கப்பலில் இடம் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

அண்டார்டிகா போக வேண்டும் என்று வருடக்கணக்கில் காசு சேர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு.

விளம்பரத்தில் பால்கனி அறை, மேல்தளத்து வெந்நீர்க் குளம், சமையல்காரரின் பெயர் எல்லாம் வரும். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒன்றைக் கேளுங்கள்: கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? போய் இறங்கியபின் உங்களுக்குக் கிடைக்கப்போகும் அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்த எண்ணிலேயே அடங்கிவிடுகிறது.

காரணம் விதி. அண்டார்டிகா ஒப்பந்த நாடுகள் 2009-ல் ஏற்றுக்கொண்ட நெறிப்படி, 500 பேருக்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது. மற்ற கப்பல்களும் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் விடக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும், ஓர் இடத்தில் ஒரே சமயம் ஒரு கப்பல்தான். 1991-ல் தொடங்கிய ஐயாட்டோ என்ற பயண நிறுவனங்களின் சங்கம், எந்தக் கப்பல் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று சீசன் தொடங்கும் முன்பே அட்டவணை போட்டுவிடுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். காலை இறக்கத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் கப்பல் என்றால் எல்லாரும் மூன்று மணி நேரமும் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே. ஒன்றரை மணி நேரம் கழித்து இடம் மாற்றிக்கொள்வார்கள். இதுவும் நல்ல ஏற்பாடுதான். 450 பேர் என்றால் ஐந்து அணி. உங்கள் முறை வரும்வரை ஜன்னலோரம் காத்திருந்து, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் கரையில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். 500-ஐத் தாண்டிய கப்பலில் மேல்தளத்திலிருந்து பார்ப்பதோடு சரி. விலை குறைவாக இருக்கிறதே என்று அதில் இடம் போட்டுவிட்டு, கரையிறக்கம் கிடையாது என்பதைப் பிறகு தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து இதுதான்: பெரிய கப்பலில் பால்கனி அறை எடுக்கும் காசுக்கு, 200-க்குள் பயணிகள் உள்ள கப்பலில் மிகச் சாதாரண அறையை எடுங்கள். அறையில் தூங்க மட்டும்தான் போவீர்கள்.

அடுத்த கணக்கு நாட்கள். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்து கிளம்புகின்றன. பத்து, பதினோரு நாள் பயணம் என்று போட்டிருந்தால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவிலுள்ள டிரேக் கடலைக் கடக்கவே சரியாகப் போய்விடும். அண்டார்டிகா தீபகற்பத்தில் ஐந்து அல்லது ஆறு நாள்தான். சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து, தீபகற்பத்தை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறலாம். ஆனால் அங்கே இருப்பது சரளைக்கல் ஓடுபாதை. மேகம் இறங்கிவிட்டால் விமானம் இறங்காது. ஒன்றிரண்டு நாள் தாமதம் சகஜம், திரும்பும் டிக்கெட்டை நெருக்கமாகப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

உஷுவாயாவுக்கு ஒருநாள் முன்பாவது போய்ச் சேருங்கள். பியூனஸ் அயர்ஸில் இரண்டு விமான நிலையங்கள். வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் எசெய்சாவில் இறங்கும், உள்நாட்டு விமானங்களில் பல நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். இடையில் சாலைப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கலாம். உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்கான எடை வரம்பும் குறைவு.

டிரேக் ஏன் இவ்வளவு ஆட்டுகிறது? அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி எங்கும் நிலம் குறுக்கிடவில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் அலையை வளர்த்துக்கொண்டே வந்து, தென் அமெரிக்காவுக்கும் தீபகற்பத்துக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் இடுக்கில் நுழைகிறது. அமைதியாகக் கடக்கும் நாட்களும் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் இருக்கும் அறை குறைவாக ஆடும். விலையும் அதுதான் குறைவு. மாத்திரை விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, குமட்டல் வந்தபின் போடுவது. வயிறு புரள ஆரம்பித்தபின் மாத்திரை உள்ளே தங்காது. மாலையில் கிளம்பும் கப்பல் உஷுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாயில் சில மணி நேரம் ஆடாமல் போகும். திறந்த கடல் வருவது இரவில். ஆகவே முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்திலேயே போட்டுவிடுங்கள். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் அவோமின் பலருக்குப் போதும், தூக்கம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை பல மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டியது. ஒட்டிய கையால் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் ஆடும்போது வாந்தியைவிடப் பயப்பட வேண்டியது கதவு. பிடிமானத்துக்காகக் கதவு நிலையில் கை வைப்பீர்கள், கப்பல் சாயும், கனமான கதவு விரலோடு சாத்திக்கொள்ளும். கைப்பிடிக் கம்பியைத் தவிர வேறெதையும் பிடிக்காதீர்கள். ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

கடலில் இருக்கும் அந்த இரண்டு நாளில் காலணி, துணி, பை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். இதைச் சடங்காக நினைத்து முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வெல்க்ரோ பட்டையில் ஒட்டிய ஒரு புல்விதை போதும். போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் 1980-களிலேயே கிங் ஜார்ஜ் தீவின் போலந்து ஆய்வு நிலையத்தருகே வேர்பிடித்துவிட்டது, அதைப் பிடுங்கி எடுக்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். வெல்க்ரோ இடுக்கை ஊக்கால் நோண்டுங்கள், பையின் மூலைகளை வெளிப்புறமாகத் திருப்பி வாக்குவம் பிடியுங்கள், கேமரா முக்காலியின் காலைக் கழற்றிக் கழுவுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் பின்னும் விர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் பூட்ஸை முக்க வேண்டும். அதற்கு முன் அடிப்பள்ளத்தில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புப் பென்குயின் எச்சத்தைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. கொடிய பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும் 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் உறுதியானதிலிருந்து, கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ அனுமதி கிடையாது. தாழ்ந்த கோணத்தில் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் மடக்குத் திரையுள்ள கேமரா கொண்டுபோங்கள்.

ரப்பர் படகில் பத்துப் பேர் அளவில் ஏற்றுவார்கள். கை நீட்டும் மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடிக்க வேண்டும். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கையுறை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. இரண்டு கையும் காலியாக, கேமரா பைக்குள். கரையில் கால் வைக்கும்போது கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும். மழைக்கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் அலை நேராக பூட்ஸுக்குள் இறங்கும். பூட்ஸும் மேலங்கியும் பல கப்பல்களிலேயே கொடுத்துவிடுவார்கள். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர்த்துவிடும். மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட் போதும். கோடையில் அங்கே பெரும்பாலும் சுழியத்தை ஒட்டித்தான் இருக்கும். காற்றும் ஈரமும்தான் ஆளை வாட்டும். கரையில் கழிப்பறை கிடையாது, சாப்பாட்டுப் பொருளும் கொண்டுபோகக் கூடாது. முறுக்குப் பொட்டலம் அறையிலேயே இருக்கட்டும்.

பென்குயினுக்கு ஐந்து மீட்டர், ஃபர் சீலுக்குப் பதினைந்து மீட்டர். பென்குயின் தானாக நெருங்கி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். அவை கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில் வாய்க்கால்போலப் பாதை தேய்ந்திருக்கும். அதன் குறுக்கே நிற்காதீர்கள், குஞ்சுக்கு ஊட்ட வயிறு நிறைய கிரில் என்ற சின்ன இறால்வகையைச் சுமந்து வரும் பறவை அங்கேயே நின்றுவிடும். இளகிய பனியில் உங்கள் கால் முழங்கால்வரை புதைந்து குழி விழுந்தால், காலை எடுத்ததும் பக்கத்துப் பனியைத் தள்ளி நிரப்பி மிதித்துவிட்டு நகருங்கள். முழங்கால் ஆழக் குழி நமக்கு ஒன்றுமில்லை. அதில் விழும் ஜென்டூ பென்குயினால் ஏறி வர முடியாது. இன்னொன்று, கூட்டுப் பக்கம் நின்று கவனித்தால் முட்டை திருடும் ஸ்கூவா என்ற பறவை ஒன்று நான்கைந்து அடி தள்ளிச் சும்மா நிற்பதுபோல நிற்கும். நம் அசைவில் பென்குயின் பதறி ஒரு நொடி எழுந்தால் போதும், முட்டை போய்விடும்.

தீபகற்பத்தில் நீக்கோ துறைமுகம் என்ற இறங்குமிடத்தில், கரையோரம் நிற்காதீர்கள், மேலே ஏறுங்கள் என்று வழிகாட்டி கத்தினால் கேள்வி கேட்காமல் ஏறுங்கள். எதிரே பனியாறு உடைந்து விழும்போது எழும் அலை கரையை வந்து வாரிக்கொண்டு போகும்.

எப்போது போவது? நவம்பரில் சுத்தமான பனி, இணைசேரும் பென்குயின்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை குஞ்சுகள், கரையெல்லாம் சேறும் நாற்றமும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள். எம்பரர் பென்குயினை எதிர்பார்த்துப் போகாதீர்கள், வழக்கமான தீபகற்பப் பாதையில் அதன் கூடுகள் இல்லை. கிங் பென்குயின் வேண்டுமென்றால் தெற்கு ஜார்ஜியா சேர்ந்த பயணம், இருபது நாள் அளவில் ஆகும். பனிக்கரடி தேடுபவர்கள் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு போக வேண்டும். அங்கே 2025 தொடக்கத்திலிருந்து கரடியிடம் 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன்வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஸ்வால்பார்டு, ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது, நார்வே வழியாகப் போய்த் திரும்ப இருமுறை நுழையும் விசா தேவை. இது தெரியாமல் ஒருமுறை விசா எடுப்பவர்கள் நம்மில் அதிகம்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். துருவப் பகுதியிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், அறுவை அரங்கு இருக்காது. 2007 நவம்பர் 23-ல் எக்ஸ்புளோரர் கப்பல் பனியில் மோதி கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே மூழ்கியபோது, அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்து, வேறொரு பயணக் கப்பல் வந்ததால் பிழைத்தார்கள். முதல் நாள் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட்டை நீங்களே கட்டிப் பாருங்கள்.

இவ்வளவு பேர் அங்கே போகலாமா என்ற கேள்வி நியாயமானது. 2023-24 சீசனில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் போயிருக்கிறார்கள். கப்பல்களும் ஆய்வு நிலையங்களும் விடும் கரும்புகை படிந்து பனி சீக்கிரம் உருகுவதை 2022-ல் வெளிவந்த ஆய்வும் காட்டியது. 2024 மே மாதம் நம் கொச்சியில் கூடிய ஒப்பந்த நாடுகள் சுற்றுலாவுக்கெனத் தனிச் சட்டகம் பற்றிப் பேசத் தொடங்கின. ஒரு சீசனுக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் விலை ஏறினாலும், காத்திருப்பு நீண்டாலும் சரி.

போய் வருபவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஹம்பேக் திமிங்கிலம் முங்கும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகைபோல. தேதி, நேரம், இடத்தோடு ஹேப்பிவேல் இணையதளத்தில் ஏற்றினால் அது எந்தத் திமிங்கிலம் என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். தீபகற்பத்தில் மேயும் ஹம்பேக்குகள் குளிர்காலத்தில் கொலம்பியா, ஈக்வடார், பனாமா கரைகளுக்குக் குட்டி போடப் போகின்றன. நீங்கள் பார்த்த அதே வாலை அங்கே யாரோ படம் எடுத்திருந்தால் அந்தச் செய்தியும் உங்களுக்கு வந்து சேரும்.